எஞ்சின் மாற்றம், எக்ஸ்பான்ஷன் தாமதம்: சைபர்பங்க் ரசிகர்களின் கோபம் எந்த அளவுக்கு நியாயம்?

கேள்வி இதுதான்: 2022 மார்ச்சில் போலந்தின் வீடியோ கேம் நிறுவனமான சிடி ப்ராஜெக்ட் ரெட், இத்தனை வருடம் வளர்த்த தன் சொந்த ரெட் எஞ்சினை (எஞ்சின் என்பது விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) விட்டுவிட்டு அன்ரியல் எஞ்சின் 5-க்குப் போவதாக அறிவித்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, தன் சைபர்பங்க் 2077 விளையாட்டின் முதல் எக்ஸ்பான்ஷன் (பின்னால் வரும் பெரிய கதைச் சேர்க்கை) 2023-ல்தான் வரும் என்றும் சொன்னது. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். எஞ்சினை மாற்றியதால்தான் எக்ஸ்பான்ஷன் தள்ளிப்போனதா? அந்தக் கோபத்தில் நியாயம் இருந்ததா?

சுருக்கமான பதில்: தள்ளிப்போனதற்கு எஞ்சின் மாற்றம் காரணம் இல்லை. ஆனால் அந்த மாற்றம் ரசிகர்களிடமிருந்து வேறொன்றைப் பறித்தது. அதற்குக் காரணம் இந்த மாற்றம்தான் என்பது 2023-ல்தான் வெளியே தெரிந்தது. 2022-ல் எல்லோரும் கோபப்பட்டது தாமதத்தின் மீது. கோபப்பட வேண்டிய விஷயம் பக்கத்திலேயே இருந்தும் கண்ணில் படவில்லை.

இதைப் புரிந்துகொள்ள 2020-லிருந்து ஆரம்பிக்க வேண்டும். சைபர்பங்க் 2077 முதலில் 2020 ஏப்ரல் 16 அன்று வருவதாக இருந்தது. அப்புறம் செப்டம்பர் 17. அப்புறம் நவம்பர் 19. அக்டோபர் 5 அன்று 'கோல்ட்' ஆகிவிட்டது என்று அறிவித்தார்கள். அதாவது டிஸ்க் அச்சடிக்கத் தயாரான பதிப்பு முடிந்துவிட்டது, இனி தேதி மாறாது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அக்டோபர் 27 அன்று மறுபடியும் தள்ளி டிசம்பர் 10 என்றார்கள். அந்த வாரம் ஸ்டுடியோவில் வேலை செய்தவர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஒரு விளையாட்டு மூன்று வாரம் தாமதமானதற்கு அதை உருவாக்குகிறவரின் குடும்பத்தை மிரட்டுவதை எந்தக் கோபத்தாலும் நியாயப்படுத்த முடியாது. நியாயமான கோபத்தைப் பற்றிப் பேசும்போது இதைச் சேர்க்கவே கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் 10 வந்தது. முன்பதிவு மட்டும் 80 லட்சம் பிரதிகள். நல்ல கணினி வைத்திருந்தவர்களுக்கு பக் (மென்பொருள் பிழை) நிறைந்த, ஆனால் பிரமிக்க வைக்கும் நைட் சிட்டி என்ற நகரம் கிடைத்தது. பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற பழைய கன்சோல்களை வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்ததை விளையாடவே முடியவில்லை. கட்டடங்கள் கண் முன்னால் மெதுவாகத் தெளிவடைந்தன, கார்கள் தரைக்குள் புதைந்தன, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஆட்டமே நின்றுபோனது. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பை மட்டுமே கொடுத்திருந்தார்கள். தாங்களே பதிவுசெய்த காட்சிகளைக் காட்டவும் அவர்களுக்கு அனுமதி இல்லை, நிறுவனம் கொடுத்த காட்சிகளைத்தான் பயன்படுத்த வேண்டும். பழைய கன்சோலில் இது எப்படி இருக்கும் என்று காசு கொடுக்கிறவர் தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் செய்யப்பட்டிருந்தது. ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே இந்த விளையாட்டை எடுத்துவிட்டது. 2021 ஜூன் 21 அன்றுதான் அது திரும்பி வந்தது. அமெரிக்காவில் முதலீட்டாளர்கள் தொடுத்த வழக்கு 18.5 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது.

இந்த அனுபவம் ரசிகர்களுக்கு ஒரு கசப்பான பாடம் கற்றுக்கொடுத்தது: தாமதமானால் தரம் கூடும் என்று நம்ப முடியாது. அதுவரை இந்தத் துறையில் தாமதத்தை ஓரளவு பொறுமையோடு ஏற்றுக்கொள்ளும் பழக்கம் இருந்தது. மூன்று முறை தள்ளிப்போட்டும் உடைந்த நிலையில் ஒன்றை விற்ற நிறுவனம், நான்காவது முறை 'இன்னும் கொஞ்சம் காத்திருங்கள்' என்றால் ரசிகர்கள் காதில் எப்படி விழும்? 2022-ன் கோபத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

2021 முழுக்கப் பழுதுபார்ப்பில் போனது. ஜனவரியில் நிறுவனர்களில் ஒருவரான மார்ச்சின் இவின்ஸ்கி வீடியோவில் வந்து மன்னிப்புக் கேட்டார். பிப்ரவரியில் நிறுவனத்தின் கணினிகளுக்குள் புகுந்து மூல நிரல்களைத் திருடிவிட்டார்கள். பணியாளர்கள் பலர் தங்கள் கணினிகளைத் தொடவே முடியாமல் இருந்தார்கள், அதனால் 1.2 பேட்ச் (பிழைகளைத் திருத்தும் பதிப்பு) மார்ச் கடைசிக்குப் போனது. அக்டோபரில் சைபர்பங்க், இதே நிறுவனத்தின் முந்தைய விளையாட்டான விச்சர் 3 இரண்டின் புதிய கன்சோல் பதிப்புகளும் அடுத்த வருடத்துக்குத் தள்ளப்பட்டன. 2022 பிப்ரவரி 15 அன்று 1.5 பேட்ச் வந்தபோதுதான் 'பரவாயில்லை, இப்போது விளையாடலாம்' என்று ஜனங்கள் மெல்லத் திரும்பினார்கள்.

அந்த நேரத்தில்தான் மூன்று செய்திகள் வரிசையாக வந்தன. மார்ச் 21: பனியில் கிடக்கும் ஒரு பதக்கத்தின் படத்தோடு புதிய விச்சர் வருகிறது, அது அன்ரியல் எஞ்சின் 5-ல் உருவாகும் என்ற அறிவிப்பு. ஏப்ரல் 13: விச்சர் 3-இன் புதிய கன்சோல் பதிப்பை வெளி ஸ்டுடியோவிடமிருந்து வாங்கி உள்ளேயே முடிக்கப்போகிறோம், தேதி பிறகு சொல்கிறோம் என்ற அறிவிப்பு. ஏப்ரல் 14: சைபர்பங்க் எக்ஸ்பான்ஷன் 2023-ல் என்ற செய்தி. மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு 'சைபர்பங்கைக் கைகழுவிவிட்டு விச்சருக்கு ஓடுகிறார்கள்' என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் எல்லோரும் ஒரே காரணத்துக்காகக் கோபப்படவில்லை. ஒரு கூட்டத்துக்கு எபிக் நிறுவனத்தின் பெயரைக் கேட்டதுமே பயம். அன்ரியல் எபிக்கினுடையது, ஆகவே புதிய விச்சர் அந்நிறுவனத்தின் ஆன்லைன் கடையான எபிக் ஸ்டோரில் மட்டும் வருமோ என்று. ஒரே கடையில் மட்டும் வெளியிடும் திட்டம் இல்லை என்று நிறுவனம் உடனே தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. இன்னொரு கூட்டம் மாறாக நிம்மதி அடைந்தது: 'சைபர்பங்க் கெட்டுப்போனதற்கே அந்த எஞ்சின்தான் காரணம், ஒழியட்டும்.' மூன்றாவது கூட்டம் துக்கப்பட்டது. அன்ரியலில் செய்யும் விளையாட்டுகளின் வெளிச்சமும் தோற்றமும் ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன, நைட் சிட்டியின் அந்தத் தனி முகம் இனி வராது என்பது அவர்கள் வருத்தம். பயப்படுவதற்கு அவர்களிடம் பக்கத்திலேயே ஓர் உதாரணமும் இருந்தது. கொனாமி தன் ஃபாக்ஸ் எஞ்சினை விட்டு அன்ரியலுக்கு மாறிச் செய்த ஈஃபுட்பால் 2021 செப்டம்பர் 30 அன்று வந்தபோது, வீரர்களின் முகங்கள் கோணிக்கொண்டு திரிந்த படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. அதன் 1.0 பதிப்பு 2022 ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது.

சரி, எஞ்சின் விஷயத்துக்கு வருவோம். ரெட் எஞ்சின் மோசமானது என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. இந்த ஸ்டுடியோ இரவல் எஞ்சினில் தொடங்கியதுதான்: 2007-ல் வந்த முதல் விச்சர், பயோவேரின் அரோரா எஞ்சினில் செய்தது. 2011-ல் வந்த விச்சர் 2-க்காகத்தான் சொந்த எஞ்சின் எழுதினார்கள். 2015-ல் விச்சர் 3-க்கு அதன் மூன்றாம் பதிப்பு, சைபர்பங்குக்கு நான்காம் பதிப்பு. ஒவ்வொரு முறையும் தேவை தலைகீழாக மாறியது. விச்சர் 3-ல் தோளுக்குப் பின்னாலிருந்து பார்க்கும் கேமரா, குதிரையின் வேகம், பரந்த வயல்வெளி. சைபர்பங்கில் முதல் நபர் பார்வை, காரின் வேகம், மாடி மேல் மாடியாக அடுக்கிய நகரம், நடுவில் லோடிங் திரை கிடையாது. குதிரை ஓடும்போது அடுத்த நிலப்பகுதியை டிஸ்கிலிருந்து எடுக்க நேரம் இருக்கிறது. கார் பறக்கும்போது அந்த நேரம் இல்லை. பழைய கன்சோல்களில் இருந்ததோ மெதுவான ஹார்ட் டிஸ்கும் 2013 காலத்துப் பலவீனமான சிபியுவும். கணினிக்காகப் பெரிதாகச் செய்துவிட்டுப் பிறகு பழைய கன்சோலுக்கு ஏற்பச் சுருக்கப் பார்த்தோம், அந்த வேலையைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம், நகரக் காட்சிகளை ஏற்றும் அமைப்புதான் பெரிய சவாலாக இருந்தது என்று இவின்ஸ்கி அந்த வீடியோவில் ஒத்துக்கொண்டார்.

வெளியில் நிற்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாதது இன்னொன்று. சொந்த எஞ்சினை விளையாட்டோடு சேர்த்தே எழுதும்போது, குவெஸ்ட் (விளையாடுபவர் முடிக்க வேண்டிய கதைப் பணி) எழுதுகிறவரும் நகரம் வடிவமைக்கிறவரும் கையில் வைத்திருக்கும் கருவியே மாதாமாதம் மாறிக்கொண்டிருக்கும். குடியிருந்துகொண்டே வீட்டை இடித்துக் கட்டுவது மாதிரி. கருவி மாறினால் போன மாதம் செய்த வேலையில் ஒரு பகுதியைத் திரும்பச் செய்ய வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவருக்கு அந்த எஞ்சினை வெளியே எங்கும் கற்றிருக்க வாய்ப்பில்லை, பழகவே மாதங்கள் ஆகும். கருவியை நன்றாக அறிந்த மூத்தவர் ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவரோடு அந்த அறிவும் போய்விடும். அன்ரியல் தெரிந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

உண்மையில் எஞ்சினை மாற்ற வைத்தது 2021 மார்ச்சில் அறிவித்த திட்டம் என்றே நான் பார்க்கிறேன். 2022 முதல் பெரிய விளையாட்டுகளை ஒரே நேரத்தில் இணையாக உருவாக்கப்போகிறோம் என்று அப்போது சொன்னார்கள். ஒவ்வொரு விளையாட்டுக்காகவும் அடியோடு மாற்றி எழுதப்படும் ஓர் எஞ்சினை வைத்துக்கொண்டு இரண்டு குழுக்கள் இரண்டு வேறு உலகங்களைக் கட்ட முடியாது. ஒரு குழு மாற்றினால் இன்னொரு குழுவின் வேலை உடையும். 2022 அக்டோபரில் புதிய விச்சர் முத்தொகுப்பு, முதல் விச்சரின் மறுஆக்கம், சைபர்பங்கின் அடுத்த பாகம் என்று நீண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். அதைப் பார்த்ததும் மார்ச் மாத முடிவின் காரணம் தெளிவாகிவிட்டது.

அப்படியானால் எக்ஸ்பான்ஷன் ஏன் தாமதமானது? ஃபாண்டம் லிபர்ட்டி என்ற அந்த எக்ஸ்பான்ஷன் பழைய ரெட் எஞ்சினிலேயே செய்யப்பட்டது, அந்த எஞ்சினின் கடைசிப் பெரிய வேலையே அதுதான். அதை அன்ரியலுக்கு மாற்றிய பேச்சே இல்லை. தாமதத்துக்கு நான் காணும் காரணம் எளிமையானது: 2021-ல் கையில் இருந்த ஆட்களில் பெரும் பகுதி உடைந்ததை ஒட்டவைப்பதில் இருந்தார்கள். இந்த நிறுவனம் எந்தத் திட்டத்தில் எவ்வளவு பேர் வேலை செய்கிறார்கள் என்ற வரைபடத்தை முதலீட்டாளர்களுக்குத் தொடர்ந்து காட்டுகிறது. பேட்ச் வேலை சுருங்கச் சுருங்க எக்ஸ்பான்ஷன் குழு பெருகியதை அதில் யாரும் பார்க்கலாம். 1.5 பேட்ச் வந்த பிறகுதான் முழு பலத்தோடு எக்ஸ்பான்ஷனில் இறங்கினார்கள் என்றால், அதே வருடத்தில் அது வந்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

ஃபாண்டம் லிபர்ட்டி 2023 செப்டம்பர் 26 அன்று வந்தது. அதற்கு ஐந்து நாள் முன் வந்த 2.0 பேட்ச்தான் இந்த விவாதத்துக்கு நேரடியான விடை. போலீஸ் துரத்தும் விதம், திறன் மரம், காரில் இருந்தபடியே சண்டை, உடலில் சைபர்வேர் என்ற இயந்திர உறுப்புகளைப் பொருத்தும் முறை, எல்லாமே திருத்தி எழுதப்பட்டிருந்தன. 2020-ல் முதுகுக்குப் பின்னால் திடீரென்று முளைத்த போலீஸ் இப்போது வண்டியில் துரத்தி வந்தது. இதே எஞ்சினில்தான் 2023 ஏப்ரலில் நகரம் முழுவதையும் பாத் டிரேசிங்கில் (ஒளி நிஜத்தில் பரவுவதுபோலக் கணக்கிட்டுக் காட்டும் முறை) காட்டினார்கள், அன்றைக்கு அதைச் செய்யத் துணிந்த பெரிய திறந்த உலக விளையாட்டு வேறு இல்லை. எஞ்சின்தான் குற்றவாளி என்று சொன்னவர்கள் இந்த இரண்டையும் எப்படி விளக்குவார்கள்? குற்றம் தேதியில் இருந்தது, பழைய கன்சோலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த வியாபார முடிவில் இருந்தது. நேரம் கொடுத்தவுடன் அதே எஞ்சின், அதே ஸ்டுடியோ வேலையைச் செய்து காட்டியது.

ரசிகர்களின் மனம் அதற்கு முன்பே மாறத் தொடங்கியிருந்தது. 2022 செப்டம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் சைபர்பங்க் உலகத்தை வைத்து எடுத்த எட்ஜ்ரன்னர்ஸ் அனிமே வந்ததும் ஒரு நாளைக்குப் பத்து லட்சம் பேர் நைட் சிட்டிக்குத் திரும்பி வந்தார்கள். அந்த வருட ஸ்டீம் விருதுகளில் பழைய விளையாட்டை விடாமல் மேம்படுத்துவோருக்கான விருது சைபர்பங்குக்குப் போனபோது பெரிய சண்டையே நடந்தது. முழு விலைக்கு உடைந்ததை விற்றுவிட்டு, அதைச் சரிசெய்ததற்கு விருதா என்று கேட்டவர்கள் பக்கம்தான் நான் அன்றும் நின்றேன், இன்றும் நிற்கிறேன். 2023-ல் கேம் அவார்ட்ஸ் விழாவில் தொடர்ந்து மேம்படும் சிறந்த விளையாட்டு என்ற விருது கிடைத்தபோது அந்த எதிர்ப்பு பெரும்பாலும் அடங்கிவிட்டது, ஏனென்றால் அதற்குள் 2.0 வந்திருந்தது.

இப்போது அந்தப் பறிபோன விஷயத்துக்கு வருகிறேன். வெளியீட்டுக்கு முன்பு, சைபர்பங்குக்கு வரும் கூடுதல் உள்ளடக்கம் விச்சர் 3-க்கு வந்ததைவிடக் குறையாது என்று நிறுவனத் தலைமை பேசியிருந்தது. விச்சர் 3-க்கு ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன், பிளட் அண்ட் ஒயின் என்று இரண்டு எக்ஸ்பான்ஷன்கள். இரண்டாவது ஒரு தனி விளையாட்டு அளவுக்குப் பெரியது. அதை விளையாடியவர்கள் சைபர்பங்கிலும் அப்படி ஒன்றை எதிர்பார்த்தது பேராசை கிடையாது. ஆனால் 2022 செப்டம்பரில் ஃபாண்டம் லிபர்ட்டியை அறிமுகப்படுத்தியபோது, இது ஒன்றுதான், வேறு எக்ஸ்பான்ஷன் இல்லை என்று தெரியவந்தது. ஏன் என்ற கேள்விக்கு 2023-ல் ஸ்டுடியோ தலைவர் ஆடம் படோவ்ஸ்கி பதில் சொன்னார்: அது தொழில்நுட்பம் சார்ந்த முடிவு, ரெட் எஞ்சினில் வேலை செய்வது இதுவே கடைசி, விற்பனையோ விளையாட்டின் தரமோ காரணம் இல்லை என்ற பொருளில்.

எஞ்சின் மாற்றத்துக்கும் எக்ஸ்பான்ஷனுக்கும் இருந்த உண்மையான தொடர்பு இதுதான். முதல் எக்ஸ்பான்ஷனை அது தள்ளிப்போடவில்லை, இரண்டாவது பிறக்க வழியில்லாமல் செய்தது. ஒரு குழு பழைய எஞ்சினில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மாதமும் புதிய எஞ்சினுக்கான ஒரு மாதம் குறைகிறது. நிறுவனத்தின் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் இத்தனை சிரமப்பட்டு உயிர் கொடுத்த ஒரு நகரத்தை, அது கடைசியில் நன்றாக ஓடத் தொடங்கிய அதே வருடத்தில் விட்டுவிட்டுப் போனது இன்றும் எனக்கு வலிக்கிறது. நைட் சிட்டியின் பசிபிகா வட்டாரத்தில் பாதி கட்டி நிற்கும் அந்தக் கடற்கரைப் பகுதியைப் பார்க்கும்போதெல்லாம் இங்கே இன்னொரு கதை நடந்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

இதைவிடப் பெரிய அநியாயம் நடந்தது பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன்காரர்களுக்கு. 2020-ல் எல்லோரையும்விட மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் அவர்கள். அவர்களிடம் ஃபாண்டம் லிபர்ட்டி உங்களுக்குக் கிடையாது, 1.6-தான் உங்கள் கடைசிப் பெரிய பேட்ச் என்று சொல்லப்பட்டது. 2.0-உம் இல்லை. அந்தக் கன்சோல்கள் அதைத் தாங்காது என்பது உண்மைதான். ஆனால் 2020-லேயே தாங்காத ஒன்றை அவர்களிடம் ஏன் விற்றார்கள்? எக்ஸ்பான்ஷன் தாமதத்தைப் பற்றி எழுந்த சத்தத்தில் பாதிகூட இவர்களுக்காக எழவில்லை.

விளையாட்டைத் தாங்களே மாற்றியமைத்து 'மோட்' செய்கிறவர்களின் கவலையும் தாமதக் கூச்சலில் அமுங்கிப்போனது. ரெட் எஞ்சினின் கோப்பு வடிவங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்து வுல்வன்கிட் என்ற கருவியை ரசிகர்களே உருவாக்கினார்கள். அந்த உழைப்பு அந்த எஞ்சினுக்கே உரியது. எஞ்சின் போனால் அந்த அறிவின் பெரும்பகுதியை அடுத்த விளையாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 2022 செப்டம்பரில் சைபர்பங்குக்கு ரெட்மோட், 2024 மே மாதம் விச்சர் 3-க்கு ரெட்கிட் என்று நிறுவனமே கருவிகளை வெளியிட்டது நல்ல காரியம். விட்டுப்போகும் எஞ்சினின் சாவியை ரசிகர்கள் கையில் கொடுத்ததாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

மற்ற ஸ்டுடியோக்களைப் பற்றிச் சுருக்கமாக. எஞ்சின் பொருந்தாமல் போவதன் விலையை எக்ஸ்பான்ஷன்தான் கொடுக்கும் என்பதற்கு மாஸ் எஃபெக்ட் ஆண்ட்ரோமெடா நல்ல சாட்சி. துப்பாக்கிச் சுடும் விளையாட்டுகளுக்காக எழுதப்பட்ட ஃப்ராஸ்ட்பைட் எஞ்சினில் ஒரு ரோல்பிளேயிங் விளையாட்டைச் செய்ய பயோவேர் பட்ட பாடு ஊரறிந்தது. 2017 மார்ச்சில் வந்த அதற்கு கதையை நீட்டிக்கும் ஒரு கூடுதல் உள்ளடக்கம்கூட (டிஎல்சி) வரவில்லை. ஹேலோ விளையாட்டைச் செய்கிற குழுவும் தன் ஸ்லிப்ஸ்பேஸ் எஞ்சினை விட்டு அன்ரியலுக்குப் போவதாக 2024 அக்டோபரில் அறிவித்தது. சொந்த எஞ்சினைத் தாங்கும் சக்தி உள்ள ஸ்டுடியோக்கள் குறைந்துகொண்டே வருகின்றன. எல்லா விளையாட்டுகளும் ஒரே நிறுவனத்தின் எஞ்சினில் வந்து நிற்பது ஆரோக்கியமானதா என்ற ரசிகர்களின் கேள்விக்கு இன்னும் யாரும் திருப்தியான பதில் சொல்லவில்லை.

விச்சர் 4 பற்றியும் கேட்பீர்கள். 2024 டிசம்பரில் விச்சர் தொடரின் சிரி என்ற பெண் பாத்திரத்தை நாயகியாக வைத்து அறிமுகப்படுத்தினார்கள், 2027-க்கு முன் வராது என்று சொல்லியிருக்கிறார்கள். 2025 ஜூனில் எபிக் மேடையில் சாதாரண பிஎஸ்5-ல் ரே டிரேசிங்கோடு நொடிக்கு 60 ஃபிரேமில் ஒரு செயல்விளக்கம் காட்டினார்கள். கன்சோலை முதலில் வைத்துக் காட்டியது 2020-லிருந்து கற்றதாகத் தெரிகிறது. ஆனால் அது தொழில்நுட்ப விளக்கம்தான், விளையாட்டு இல்லை. அன்ரியல் 5 விளையாட்டுகள் பலவற்றில் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போகும்போது வரும் திக்கல் விச்சர் 4-ன் பெரிய காடுகளிலும் ஊர்களிலும் வராது என்பதற்கு அந்தச் செயல்விளக்கம் உத்தரவாதம் ஆகாது.

அதனால் தேதி தள்ளிப்போனால் கவலைப்படாதீர்கள். இரண்டு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். உங்களிடம் இருக்கும் கன்சோலிலேயே, நிறுவனம் கொடுக்காத காட்சிகளோடு, சுதந்திரமான விமர்சனங்கள் வெளியீட்டுக்கு முன்பே வருகின்றனவா என்று பாருங்கள். வரவில்லை என்றால் முன்பதிவு செய்ய வேண்டாம். எக்ஸ்பான்ஷன்களையும் சேர்த்து முன்கூட்டியே விற்றால், எத்தனை, எந்தெந்தக் கன்சோலுக்கு என்று எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.